ஒரு பல்புக்குள் இரண்டு இழைகள்

அவர் இப்போது கொழும்பு, கொட்டாஞ்சேனையில் இல்லை. நீர்கொழும்பில் தங்கையோடு இருக்கிறார் என்கிறார் ஒருவர். வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்கிறார் இன்னொருவர். இரண்டையும் நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே எதையும் உறுதியாக எழுத மாட்டேன். இந்தப் பிடிவாதம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

பெயரையும் எழுதப்போவதில்லை. ஒருநாள் பகிடியாக, "உங்களைப் பற்றி எழுதப்போறன்" என்றேன். "எழுதுங்க மிஸ். பேரு மட்டும் வேணாம். பேரப் போட்டா ஊரே பல்ப் மாத்த வந்து நிக்கும்" என்றார். பல்ப் மாற்ற வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. பல்ப் ஏன் போனது என்று கேட்டு வருகிறவர்களைத்தான் வீட்டுக்குள் விடுவார். தெருவில் அவருக்கு 'லைட்டு அக்கா' என்று பெயர்.

என் வயதுதான் இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி. வீட்டுச் சட்டைக்கு மேலே ஆண்கள் போடும் பழைய சேர்ட் ஒன்று. அந்தச் சேர்ட்டின் பையில் எப்போதும் ஒரு சிறிய பல்பும் அதிலிருந்து தொங்கும் இரண்டு வயர்களும் இருக்கும். அதுதான் அவருடைய டெஸ்ட் லேம்ப். மின்சாரம் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பதை அதை வைத்துத்தான் தேடுவார். முன்னறையே கராஜ். அங்கே வரும் ஆண்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பாஸ் எங்க?" என்று கேட்பார்கள். "கட்டிலுக்குக் கீழ ஒளிஞ்சிருக்காரு. கூப்பிடவா?" என்பார்.

நான் வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். ஒரே மகள் ஆரணி, கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை. கனடாவுக்குப் போன என் தம்பி எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் போயிருந்தான். என்னைவிட வயது கூடிய வண்டி அது. அதைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட நான் ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் அதற்குப் பச்சை நிறம் அடித்து, "அம்மா, நான் இனி இதிலதான் வேலைக்குப் போவன்" என்றாள். அன்றிலிருந்து பின்னேரம் ஐந்தரை மணிக்குப் பிறகு எனக்கு நெஞ்சு நிதானமாக அடித்ததில்லை.

அதன் பின்விளக்கு எரியும், அணையும். பாமன்கடையில் ஒரு கராஜில் மூன்று தடவை பல்பை மாற்றினார்கள். பிறகு ஸ்விட்சை மாற்றினார்கள். பிறகு, "பழைய சாமான் மிஸ், இப்பிடித்தான்" என்றார்கள். யாரோ சொல்லி கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அவர் டெஸ்ட் லேம்பின் ஒரு வயரைப் பற்றரியில் மாட்டினார். மற்றதைப் பின்விளக்கின் உடம்பில் வைத்தார். சிறிய பல்ப் எரியவில்லை. அதே வயரை இயந்திரத்தின் இரும்பில் வைத்தார். எரிந்தது.

"கரண்ட் போறதுக்கு வழி இருக்கு. திரும்பி வாறதுக்கு இல்ல" என்றார்.

அந்தக் காலத்து வண்டிகளில் மின்சாரம் திரும்பி வரும் வழி தனி வயர் அல்ல, வண்டியின் இரும்பு உடம்பேதான். மகள் ஆசையாக அடித்த புதுப் பெயின்ற் விளக்குக்கும் இரும்புக்கும் நடுவே தடித்த தோல்போல் மூடியிருந்தது. அவர் ஒரு சுரண்டியை எடுத்து, பின் மட்கார்ட்டில் ஒரு ரூபாய்க் குற்றியளவு பச்சையைச் சரசரவென்று சுரண்டினார்.

"ஐயோ அன்ரி, பெயின்ற்!"

"நல்ல வடிவான பெயின்ட்தான் மகள். ஆனா கரண்டுக்கு வடிவு தெரியாதே."

விளக்கைத் திரும்பப் பூட்டி எரியவிட்ட பிறகும் விடவில்லை. மட்கார்ட்டைக் கையால் ஆட்டிக்கொண்டே பத்து நிமிடம் பின்விளக்கை முறைத்துக்கொண்டிருந்தார். அது ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. பிறகு பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"கேளு மகள். இந்த வண்டியில கால் பிரேக்க மிதிச்சாத்தான் பின்னால பிரேக் லைட் எரியும். கைப் பிரேக்குக்கு ஸ்விட்ச்சே இல்ல. அந்தக் காலத்துல அப்படித்தான் செஞ்சாங்க. நீ ஸ்கூட்டியில பழகின புள்ள, எல்லாத்துக்கும் கைதான் முன்னுக்குப் போகும். காலால மிதி."

"ஓம் அன்ரி."

"ஓம்னு சொல்றது லேசு."

ஒரு கிழமை கழித்து நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மழை இருட்டாக இருந்தது, மகள் இன்னும் வரவில்லை.

"லைட் இனிப் போகாதுதானே அக்கா?"

"இன்னைக்கு நான் வண்டியப் பாக்கலயே மிஸ்."

"ஒரு ஆறுதலுக்காவது சொல்லுங்கோவன்."

"ஆறுதலுக்கு கோயிலுக்குப் போங்க. லைட்டுக்கு வண்டியக் கொண்டு வாங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அன்றிரவு முழுக்க அவரை மனதுக்குள் திட்டினேன்.

அவர் எல்லோருக்கும் அப்படித்தான் என்று பிறகு தெரியவந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் ஒருமுறை இவரிடம் விசாரித்திருக்கிறார்கள். "பிள்ளை நல்ல பிள்ளைதானே?" என்று கேட்டதற்கு, "ரோட்டுல போறதப் பாத்திருக்கேன். நேராத்தான் நடக்குது" என்றாராம். வந்தவர்கள் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று எண்ணிப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணின் தாய் இரண்டு வருடம் இவரோடு கதைக்கவில்லை. "பொய் சொல்லியிருக்க வேண்டாம், ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?" என்று நான் கேட்டேன். "நல்ல வார்த்தைய நம்பித்தானே மிஸ் எல்லாரும் பாக்காம விடுறாங்க" என்றார்.

இளம் வயதில் சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலை செய்திருக்கிறார். வாகனங்களுக்கு வயர்க்கட்டு செய்கிற தொழிற்சாலை. ஒரு பெரிய பொதி கப்பலுக்குப் போகவேண்டிய அவசரத்தில், பரிசோதித்தாயிற்று என்ற இடத்தில் கையெழுத்துப் போடும்படி மேற்பார்வையாளர் காகிதத்தை நீட்டினார். இவர் அந்தப் பொதியைப் பரிசோதிக்கவில்லை. போடவில்லை. பக்கத்து மேசைப் பெண் போட்டாள். இவருக்கு வேலை போயிற்று. அந்த வயர்களில் பிழை இருந்ததா என்று கேட்டேன். "அது எனக்கெப்படித் தெரியும்? நான்தான் பாக்கலயே" என்றார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

இனி, நான் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்த பகுதி.

அன்று மாலை ஆறரைக்கு, மழை தூறிக்கொண்டிருக்க, காலி நகருக்குப் போகும் பெருவீதியில், வெள்ளவத்தைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு வான் பின்னாலிருந்து என் மகளை மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "லைட் எரிஞ்சது அம்மா" என்பதுதான்.

"பின்னால லைட்டே இல்லை. திடீரென்று நின்றாள்" என்று வான் சாரதி பொலிசில் சொல்லியிருந்தார். அது அப்படியே எழுதப்பட்டது. விளக்கில்லாமல் ஓடியதாக மகள்மேல் வழக்கு. பிழையை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று சார்ஜன்ட் அன்பாகவே சொன்னார். ஒப்புக்கொண்டால், தன் எலும்பு முறிந்ததற்குத் தானே காரணம் என்று என் பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். வானுக்கு ஒரு குற்றமும் இல்லை என்றாகிவிடும். மகள் மாட்டேன் என்றாள்.

அவளுக்கு ஓமென்று தலையாட்டிவிட்டு நான் வெளியே வந்தேன். ஆனால் அந்த விளக்கு எரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அது என்றோ ஒருநாள் அணையும் என்று தினமும் பயந்தவள் நான். என் பயம் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். "அக்கா, நீங்கள்தான் திருத்தினது. லைட் நல்லா வேலை செய்ததெண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"இங்கயிருந்து போன அன்னைக்கு எரிஞ்சிச்சு. அத எழுதலாம்."

"அது ரெண்டு மாசத்துக்கு முந்தி. மோதின நேரம் எரிஞ்சதெண்டு எழுதுங்கோ."

"மோதின நேரம் நான் அங்க இல்லயே மிஸ்."

"என்ர பிள்ளை பொய் சொல்லுறாளோ?"

"அதுவும் நான் சொல்லல."

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் திரும்ப நினைக்க வெட்கமாக இருக்கிறது. "உங்களுக்குப் பிள்ளை இல்லை. அதுதான் இப்பிடிக் கல்லுமாதிரி இருக்கிறீங்கள்" என்றேன்.

அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "வண்டி எங்க?" என்று கேட்டார்.

"பொலிஸ் நிலையத்தில."

"பல்ப் உடஞ்சிருச்சா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாம கடிதம் கேக்க வந்தீங்க" என்றவர் ஒரு பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஓட்டோவில் வெள்ளவத்தை வரும்வரை பையை எனக்கும் அவருக்கும் நடுவே வைத்திருந்தார்.

பொலிஸ் நிலையத்தின் பின்பக்கம், வெயிலில் அந்தப் பச்சை வண்டி சாய்ந்து கிடந்தது. வானை விடுவித்துக் கொண்டுபோக சாரதியும் வந்திருந்தார். லைட்டு அக்கா சார்ஜன்ட்டோடு சிங்களத்தில் பேசி அனுமதி வாங்கினார். முதலில் புதுப் பற்றரியை வண்டியில் மாட்டி விளக்கைப் போட்டுப் பார்த்தார். பின்விளக்கு எரியவில்லை.

சாரதி கையை விரித்தார். "நான் சொன்னேன்தானே சேர்? இப்பவும் எரியல்ல."

சார்ஜன்ட்டும் சிரித்தார். "என்ன அக்கே, நீங்களே எங்கட கேசை நிரூபிச்சிட்டீங்க?"

லைட்டு அக்கா அசையவில்லை. "இப்ப எரியல. அத நானும் பாத்தேன். அன்னைக்கு என்னன்னு இனித்தான் பாக்கணும்" என்றார்.

நொறுங்கியிருந்த சிவப்பு மூடியைக் கழற்றி உள்ளேயிருந்த பல்பை மெதுவாக எடுத்தார். கண்ணாடி உடையவில்லை. வெயிலுக்கு நேரே பிடித்து, உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தார். பிறகு சார்ஜன்ட்டிடம் நீட்டினார்.

"உள்ள ரெண்டு இழை இருக்கு சேர். மெல்லிசு பின்விளக்குக்கு. தடிச்சது பிரேக் லைட்டுக்கு. மெல்லிச பாருங்க."

சார்ஜன்ட் பார்த்தார். நானும் பார்த்தேன். மெல்லிய இழை, பேனைக்குள் இருக்கும் சுருள்கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டதுபோல் நீண்டு, வளைந்து, ஒரு முனையில் அறுந்து நின்றது.

"எரியுற நேரம் இழை பழுத்து இளகியிருக்கும். அடிபட்டா இப்படி இழுபடும். அணைஞ்சு கெடந்தா இழுபடாது. சுருள் சுருளாவே இருக்கும், இல்லன்னா துண்டா ஒடையும்."

"இது நீங்க சொல்ற கதை" என்றார் சார்ஜன்ட்.

"நான் சொன்னா நம்ப வேணாம். நீங்களே அடிங்க." பையிலிருந்து அதே வகைப் பல்புகள் இரண்டை எடுத்தார். ஒன்றைப் பற்றரியில் கொடுத்து எரியவிட்டார். சார்ஜன்ட்டின் கையில் ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்து, பல்ப் பூட்டிய தகட்டை அதன் பிடியால் அடிக்கச் சொன்னார். சார்ஜன்ட் முதலில் தயங்கினார். பிறகு உற்சாகம் வந்து ஓங்கி ஒன்று போட்டார். வெளிச்சம் சட்டென்று போனது. உருப்பெருக்கியில் பார்த்தால், இழை தொய்ந்து இழுபட்டிருந்தது. இரண்டாவதை எரியவிடாமலே அதே பலத்தோடு அடித்தார். அதன் சுருள் குலையவில்லை.

சார்ஜன்ட் மூன்று பல்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். சாரதியின் பக்கம் திரும்பி, "தம்பி, லைட் இல்ல எண்டாய்?" என்றார். சாரதி நிலத்தைப் பார்த்தார்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. என் பிள்ளை எனக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

சார்ஜன்ட் புத்தகத்தை விரித்து எழுதத் தொடங்கினார். அப்போது லைட்டு அக்கா, "இன்னொண்ணும் எழுதுங்க சேர். தடிச்ச இழை அப்படியே இருக்கு. பிரேக் லைட் எரியல" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்து, தமிழில், சார்ஜன்ட்டுக்கு விளங்காதபடி, "அக்கா, அது வேண்டாம். கேட்கவே இல்லையே" என்றேன்.

சாரதிக்குத் தமிழ் தெரிந்திருந்தது; நான் மறைக்கப் பார்த்தது விளங்கிவிட்டது. "பாத்தீங்களா சேர், பிரேக் லைட் இல்ல!" என்று துள்ளினார்.

"இல்லதான்" என்றார் லைட்டு அக்கா. "இந்த வண்டியில கைப் பிரேக்குக்கு லைட் வராது. புள்ள கையால புடிச்சிருக்கும், இல்ல புடிக்காமலே இருந்திருக்கும். எதுன்னு பல்ப் சொல்லாது. எரியலன்னு மட்டும் சொல்லுது. அத எழுதுங்க."

எழுதப்பட்டது. அவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பல்ப் ஒரு கடித உறைக்குள் போனது.

வீதிக்கு வந்ததும் நான் வெடித்தேன். "கையில தந்த வெற்றியை நீங்களே பாதி திருப்பிக் குடுத்திட்டீங்கள்."

"ரெண்டு இழையும் ஒரே பல்புக்குள்ள இருக்கு மிஸ். ஒண்ணப் பாத்தேன், மத்ததப் பாக்கலன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளக்கில்லாமல் ஓடிய குற்றத்திலிருந்து மகள் விடுவிக்கப்பட்டாள். பிரேக்கைப் பற்றி நீதவான் அவளைக் கடுமையாக எச்சரித்தார். கவனமில்லாமல் ஓட்டியதைச் சாரதி பிறகு ஒப்புக்கொண்டார். மோட்டார் வாகனப் பரிசோதகரும் பல்பைப் பார்த்து, இவர் சொன்னதையே எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு நினைவில் நிற்பது தீர்ப்பு அல்ல. அதற்கு முந்திய அரைமணி நேரம்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார ஒரு நீண்ட மர வாங்கு. சாட்சி சொல்ல அவர் வந்திருந்தார். சேலை உடுத்தியிருந்தார். அதற்குமுன் அவரைச் சேலையில் நான் பார்த்ததில்லை. பொலிஸ் நிலையத்துக்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. வாங்கின் ஒரு முனையில் அவர் இருந்தார். பக்கத்து இடத்தில் தன் பையை வைத்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். மகள் கழுத்திலிருந்து தொங்கும் துணியில் கையை வைத்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள்.

எங்கள் சட்டத்தரணி கோப்பை மூடிக்கொண்டே வந்தார். கெட்டிக்கார இளைஞர். "ஒரு நல்ல வழி இருக்குது" என்றார். "பிரேக் லைட் எரியேல்ல. அப்ப ஆரணி பிரேக்கே பிடிக்கேல்ல. அவ நேராப் போய்க்கொண்டிருந்தவ, வான்காரன்தான் பின்னால வந்து அடிச்சவன். பல்புக்கும் அது பொருந்துது. முடிஞ்சுது."

"நான் கையால பிடிச்சனான்" என்றாள் மகள்.

"அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும் தங்கச்சி. பல்புக்குக்கூடத் தெரியாது." அவர் வாங்குப் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களும் கையால பிடிக்கிற கதையை எடுக்காதேங்கோ."

"கேட்டா சொல்வேன். வண்டி எப்படின்னு எனக்குத் தெரியும். கேக்கலன்னா சும்மா இருப்பேன்."

சட்டத்தரணி பெருமூச்சு விட்டு என்னிடம் வந்தார். குரலைத் தணித்தார். "ரீச்சர், நீங்களாவது பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கோ. தாய் சொன்னாக் கேட்பா. நானும் உங்கட நன்மைக்குத்தான் கதைக்கிறன்."

அவர் உண்மையில் என் நன்மைக்குத்தான் கதைத்தார். அந்தப் பொய் கச்சிதமாக இருந்தது. எந்தப் பரிசோதகராலும் அதைப் பிடிக்க முடியாது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இரு கையாலும் வாங்கியிருப்பேன். மகளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று முன்பே தெரிந்தவள்போல.

"அவள் பிரேக் பிடிச்சவள்" என்றேன். "கையாலதான் பிடிச்சவள். கால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி அக்கா சொன்னது, மறந்திட்டாள். கேட்டா அப்பிடியே சொல்லுவாள்."

"ரீச்சர், இது வகுப்பில்லை. கோர்ட்."

"எனக்குத் தெரியும் தம்பி. வகுப்பெண்டா நானே ஏதும் மழுப்பியிருப்பன். பிழைக்கு எச்சரிக்கட்டும், தண்டிக்கட்டும், கேட்டுக்கொண்டு வாறம். செய்யாத பிழையைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டம் எண்டு நிண்டனாங்கள். செய்ததை இல்லையெண்டு சொல்லிப்போட்டு எந்த முகத்தோட அங்க நிற்கிறது?"

சட்டத்தரணி என்னையும், வாங்கில் இருந்தவரையும், மகளையும் பார்த்தார். "மூண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் உள்ள அனுப்புவீங்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டே கதவுப் பக்கம் போனார்.

மகள் என் அருகில் வந்தாள். "அம்மா, ஒண்டு கேட்கட்டே? அண்டைக்கு ஆஸ்பத்திரியில, லைட் எரிஞ்சதெண்டு நான் சொன்னதை நம்பினீங்களோ?"

ஓம் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எத்தனை சுலபமான சொல்.

"இல்லை" என்றேன். "அணைஞ்சிருக்குமெண்டுதான் நினைச்சனான்."

"தெரியும். உங்கட முகத்தில கண்டனான்" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆனால் நல்ல கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வாங்கில் இருந்தவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க மிஸ்" என்றார். "இன்னும் பேரு கூப்பிடல."